பிராகில் ஒரே ஒரு முழு நாள்: எதை எப்போது பார்ப்பது?

கேள்வி இது: வியன்னாவிலிருந்து ரயிலில் பிராகுக்கு வருகிறீர்கள். இரண்டு இரவு தங்கல், நடுவில் ஒரே ஒரு முழு நாள். கூட வரும் அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. தங்குமிடம் பழைய நகரத்தில். கோட்டை, பாலம், கடிகாரம் மூன்றையும் அப்பாவை வாட்டாமல் பார்க்க முடியுமா?

முடியும். பிராகில் ஒரு நாள் வீணாவதற்குப் பெரும்பாலும் வரிசை தப்புவதுதான் காரணம். பலரும் நிதானமாகக் காலை உணவை முடித்துவிட்டு 10 மணிக்குக் கடிகாரத்தின் முன் நிற்பார்கள். 11 மணிக்குப் பாலத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடப்பார்கள். உச்சி வெயிலில் நெருடோவா தெருவின் செங்குத்தான ஏற்றத்தில் ஏறி, ஒரு மணிக்குக் கோட்டை வாசலில் வரிசையில் நிற்பார்கள். நான்கு மணிக்குக் கால் ஓய்ந்துவிடும். யூதர் பகுதி விட்டுப்போகும். இதைத் தலைகீழாக மாற்றுங்கள்: விடிந்ததும் பாலம், திறந்ததும் கோட்டை, பிற்பகலில் யூதர் பகுதி, மாலையில் கடிகாரச் சதுக்கம்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் இந்த வரிசை ஏன் என்று தெரிந்துவிடும். வல்தாவா ஆறு தெற்கிலிருந்து வடக்காக ஊரைப் பிளந்து ஓடுகிறது. மேற்குக் கரையில் குன்றின்மேல் கோட்டை, அதன் அடிவாரத்தில் மாலா ஸ்த்ரானா என்ற சின்ன நகரம். கிழக்குக் கரையில் பழைய நகரம், அதை ஒட்டி யோசெஃபோவ் என்ற யூதர் பகுதி. இரண்டு கரைகளையும் சார்லஸ் பாலம் இணைக்கிறது. கிழக்குக் கரை சமதளம், மேற்குக் கரைதான் மேடு. அந்த மேட்டின் ஏற்றத்தை மட்டுமல்ல, இறக்கத்தையும் டிராமுக்கு விட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம் வலிக்கும். "போகும்போது டிராம், வரும்போது படிக்கட்டு" என்று பொதுவாகச் சொல்லும் யோசனை உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது.

எந்தக் கிழமை என்பதையும் முதலிலேயே பாருங்கள். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் யோசெஃபோவின் தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாடு நடப்பதால் கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்துக்குள் நண்பகலுக்குப் பிறகுதான் பார்வையாளர்களை விடுவார்கள். வார நாள் கிடைத்தால் அதுவே நல்லது. ஞாயிறுதான் கிடைத்தது என்றால் காலையில் யோசெஃபோவ், மதியத்துக்குமேல் கோட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மாலையே முடிக்க வேண்டியவை இரண்டு: பணமும் பயணச்சீட்டும்.

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். ஒரு யூரோவுக்குத் தோராயமாக 25 கொருனா என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா இடத்திலும் அட்டை செல்லும். சில்லறைக் காசு முக்கியமாகத் தேவைப்படுவது கட்டணக் கழிப்பறைக்கு. ஆகவே 1,000 முதல் 1,500 கொருனா ரொக்கம் இருந்தாலே தாராளம். அதை ஒரு வங்கியின் சொந்த ஏடிஎம்மில் எடுங்கள். "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா, கொருனாவில் கழிக்கட்டுமா" என்று திரையில் கேட்டால் எப்போதும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். கடைகளில் அட்டை தேய்க்கும்போதும் இதே விதிதான். மற்றதைத் தேர்ந்தால் இயந்திரம் வைத்திருப்பவரின் மாற்று விகிதத்தில் கணிசமாகப் பணம் போகும். தெருவில் யாராவது "நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்" என்றால் நின்று பேசவே வேண்டாம். செல்லாத அல்லது வேறு நாட்டு நோட்டுகளைத் திணிப்பது அங்கே பழைய ஏமாற்று. மாற்றுக் கடையில் "கமிஷன் இல்லை" என்று எழுதியிருப்பதற்கும் விகிதம் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. பணத்தை நீட்டுவதற்கு முன் "100 யூரோவுக்குக் கைக்கு எத்தனை கொருனா வரும்" என்று கேளுங்கள். ஏமாந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1,000 யூரோவுக்கு உட்பட்ட மாற்றத்தை 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு ரசீது கையில் இருக்க வேண்டும்.

பயணச்சீட்டு டிராம், மெட்ரோ, பேருந்து மூன்றுக்கும் ஒன்றே. 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று வகைகள் உண்டு. உங்களுக்கு 24 மணி நேரச் சீட்டுதான் சரி. கால் வலித்த இடத்தில் யோசிக்காமல் ஏறிக்கொள்ளலாம். காகிதச் சீட்டு வாங்கியவுடன் செல்லுபடியாகிவிடாது. முதல் பயணத்தின்போது டிராமுக்குள் அல்லது மெட்ரோ நுழைவில் உள்ள மஞ்சள் நிறப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். ஒரே ஒரு முறைதான். வெளியூர்க்காரர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இதில்தான். சீட்டு சட்டைப் பையில் இருக்கும், முத்திரை இருக்காது. பரிசோதகர் "தெரியாது" என்ற பதிலை ஏற்கமாட்டார்.

இனி அந்த நாள். கோடையில் 6:30 மணிக்குப் பாலத்தில் இருங்கள். ஜூனில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பரில் விடிய 8 மணி நெருங்கும், மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்பினால் போதும். காலுக்கு அடிப்பாகம் தடித்த, வழுக்காத ஷூ கட்டாயம். சதுரச் சதுரமாகக் கல் பதித்த தெருக்கள் மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும்.

1342இல் ஒரு வெள்ளம் அங்கிருந்த யூடித் பாலத்தை அடித்துப் போனது. அதற்கு மாற்றாக மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் தொடங்கியதுதான் இந்தப் பாலம். நீளம் 516 மீட்டர், அகலம் ஏறக்குறைய 10 மீட்டர், 16 வளைவுகள். இரு பக்கக் கைப்பிடிச் சுவரிலும் 15 வீதம் 30 சிலைத் தொகுதிகள். முதல் சிலை 1683இல் நின்றது, பெரும்பாலானவை 1714க்குள் வந்துவிட்டன. இன்று நிற்பவற்றில் பல நகல்களே. அசல்களை மழையிலிருந்தும் புகையிலிருந்தும் காக்க அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முப்பதையும் பார்க்க வேண்டியதில்லை, மூன்று போதும். பழைய நகரப் பக்கத்திலிருந்து மேற்கே நடக்கும்போது வலப்பக்கம் மூன்றாவது, எபிரேயப் பொன்னெழுத்துகள் சூழ்ந்த சிலுவை. 1696இல் யூதர் ஒருவருக்கு விதித்த தண்டனையாக அந்த எழுத்துகள் வைக்கப்பட்டன. அடுத்து இடப்பக்கம் ஐந்தாவது சிலைத் தொகுதியில் கொஞ்சம் நில்லுங்கள். அது பிரான்சிஸ் சேவியர். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் நடந்து திரிந்த அதே சவேரியார். அவரைச் சுமந்து நிற்கும் உருவங்கள் அவர் போய்ச் சேர்ந்த கீழைநாட்டு மக்களைக் குறிப்பவை. ஃபெர்டினாண்ட் புரோகோஃப் 1711இல் செதுக்கிய அசல், 1890 வெள்ளத்தில் பாலத்தின் வளைவுகள் இடிந்தபோது ஆற்றில் விழுந்தது. இப்போது நிற்பது நகல். மூன்றாவதாக, வலப்பக்கம் எட்டாவது, நெபோமுக்கின் யோவான். 1393இல் அரசன் நான்காம் வென்செஸ்லாஸின் உத்தரவின் பேரில் ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார். பீடத்தில் உள்ள வெண்கலப் பலகையில், தொட்டுத் தொட்டுப் பொன்னாகத் தேய்ந்திருக்கும் இடம் தானாகவே கண்ணில் படும்.

பாலத்தைத் தாண்டி நேரே போனால் மாலொஸ்த்ரான்ஸ்கே நாமியெஸ்தி சதுக்கம். அங்கே காலை உணவை முடித்து, 22ஆம் எண் டிராமில் பீலா ஹோரா என்று பலகை போட்ட திசையில் ஏறுங்கள். சீட்டில் முத்திரை குத்தும் நேரம் இதுதான். ப்ராஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்கினால் ஐந்து நிமிடச் சமதள நடையில் கோட்டையின் இரண்டாம் முற்றம். இந்த டிராமில் பிக்பாக்கெட் அதிகம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கோட்டை வளாகம் காலை 6 மணிக்கே திறந்துவிடும். உள்ளே உள்ள கட்டடங்கள் 9 மணிக்கு. நுழைவில் பைகளைச் சோதிக்கவும் கூடும், 8:30க்குப் போனால் கூட்டம் குறைவு. முதன்மைச் சுற்றுக்கான சீட்டில் புனித விட்டுஸ் பேராலயம், பழைய அரச மாளிகை, புனித ஜார்ஜ் ஆலயம், பொற்சந்து நான்கும் அடக்கம். இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 9 மணி ஆகும்வரை பேராலயத்தின் தென்புற முகப்பை அண்ணாந்து பாருங்கள். மூன்று வளைவுகளின் மேல் 1370-71இல் பதித்த இறுதித் தீர்ப்பு மொசைக் இருக்கிறது. சிறு கண்ணாடிக் கற்களால் ஆனது.

திறந்ததும் முதலில் பேராலயம்தான். 10 மணிக்குமேல் இதற்குத்தான் மிக நீண்ட வரிசை நிற்கும். 1344இல் தொடங்கிய கட்டடம் 1929இல்தான் முடிந்தது. நடுவில் நூற்றாண்டுகள் வேலை நின்றிருந்தது. இதைக் கண்ணாலேயே காணலாம். வாசலிலிருந்து பாதிவரை உள்ளது 19, 20ஆம் நூற்றாண்டு வேலை. பீடப் பக்கம் உள்ளது 1356இல் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லரின் வேலை. மேலே கூரையைப் பாருங்கள், பார்லரின் பகுதியில் கல் விலாக்கள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். இடப்பக்கம் மூன்றாவது சன்னல் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா 1931இல் செய்தது. மற்றவற்றில் நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்திருப்பார்கள். இதில் கண்ணாடியின் மேலேயே தீட்டியிருக்கிறார். அதனால்தான் ஓவியம்போல நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தை வாசலில் நின்றுதான் பார்க்க முடியும். கீழ்ச்சுவர் முழுக்க மெருகேற்றிய வண்ணக் கற்கள். அங்கிருந்து போகும் ஒரு கதவுக்குப் பின்னால்தான் மன்னர்களின் மணிமுடி இருக்கிறது. அந்தக் கதவுக்கு ஏழு பூட்டுகள், ஏழு சாவிகள் ஏழு பேர் கையில். கோபுரம் ஏற வேண்டாம். தனிச்சீட்டு, குறுகிய சுழல்படி.

பழைய அரச மாளிகையில் விளாதிஸ்லாவ் மண்டபம் ஒன்றுக்காகவே உள்ளே போகலாம். 62 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பெனடிக்ட் ரீட் 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டி முடித்தார். மழைக்காலத்தில் குதிரைவீரர் போட்டிகளை இதற்குள்ளேயே நடத்தினார்கள். குதிரைகள் ஏறிவரவே படிகளைத் தாழ்வாக அகலமாக வைத்தார்கள். பக்கத்து அறையின் சன்னல் வழியாகத்தான் 1618 மே 23 அன்று கிளர்ச்சி செய்த புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களையும் ஒரு எழுத்தரையும் வெளியே தள்ளினார்கள். மூவரும் பிழைத்தார்கள், ஆனால் அதில் மூண்ட போர் முப்பது ஆண்டுகள் ஐரோப்பாவை எரித்தது. ஜார்ஜ் ஆலயத்துக்கு 15 நிமிடம் போதும். பொற்சந்தில் 22ஆம் எண் வீட்டில் 1916-17இல் எழுத்தாளர் காஃப்கா எழுதினார் என்பதற்காகக் கூட்டம் நெரிக்கும். அப்பாவை வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும்.

11:30 வாக்கில் வெளியேறுங்கள். கிழக்கு வாசலில் நீண்ட படிக்கட்டு மாலொஸ்த்ரான்ஸ்கா மெட்ரோ வரை இறங்குகிறது, காட்சியும் அழகு. கால் நன்றாக உள்ளவர்கள் அதில் இறங்கட்டும். அப்பா வந்த வழியே திரும்பி டிராமில் இரண்டாவது நிறுத்தமான அதே மாலொஸ்த்ரான்ஸ்காவில் இறங்கட்டும். அங்கேயே சந்திக்கலாம். நிலையத்தை ஒட்டியே வாலன்ஸ்டைன் தோட்டத்தின் ஒரு வாசல் உண்டு. செக் நாடாளுமன்ற மேலவை இயங்கும் மாளிகையின் தோட்டம், கோடை மாதங்களில் திறந்திருக்கும், கட்டணமில்லை. மயில்கள் உலாவும். அரை மணி நேரம் கால் நீட்டி உட்கார இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை.

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் இடறும் இடம் இது. "சைவம்" என்று அங்கே எல்லோரும் காட்டுவது பொரித்த பாலாடைக்கட்டி, ஸ்மாஷெனி சீர். அதன் ரொட்டித்தூள் உறை முட்டையில் தோய்த்து ஒட்டியது. உருளைக்கிழங்கு அடையான பிரம்போராக்கிலும் வழக்கமாக முட்டை உண்டு. தட்டில் வரும் கினெட்லீக்கி என்ற மாவு உருண்டையிலும் பெரும்பாலும் உண்டு. பூண்டு சூப் பல கடைகளில் இறைச்சிச் சாற்றில்தான் கொதிக்கும். ஆகவே இரண்டு சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "பெஸ் மாசா" என்றால் இறைச்சி இல்லாமல், "பெஸ் வயெட்ஸ்" என்றால் முட்டை இல்லாமல். முதல் சொல்லை மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும். வேண்டியதை எடுத்துத் தட்டை எடைபோட்டுப் பணம் கட்டும் சைவ உணவகங்கள் நகர மையத்தில் உண்டு. அம்மாவுக்கு அதுதான் நிம்மதி, கண்ணால் பார்த்து எடுக்கலாம். கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டிக்கும் பில் வரலாம். தெருவெங்கும் சுடும் குழல் ரொட்டியைப் பழைய செக் தின்பண்டம் என்பார்கள். அது பிராகில் பரவியது சுற்றுலாவோடுதான். வேண்டுமென்றால் சாப்பிடுங்கள், வரலாறு என்று நினைத்து வேண்டாம்.

சாப்பிட்டபின் மெட்ரோ பச்சைத் தடத்தில் ஒரே ஒரு நிறுத்தம், ஸ்தாரோமியெஸ்த்ஸ்கா. அங்கிருந்து சில நிமிட நடையில் பிங்காஸ் தொழுகைக்கூடம். உள்ளே சுவர்கள் முழுக்கப் பெயர்கள். நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 80,000 செக், மொராவிய யூதர்களின் பெயரும் பிறந்த நாளும், ஊர் வாரியாக, கையால் எழுதியவை. ஏதாவது ஓர் ஊரின் பெயரைப் பிடித்துக்கொண்டு அதன் கீழ் வரும் ஒரு குடும்பத்தை வரிசையாகப் படித்துப் பாருங்கள். தாத்தாவின் பிறந்த ஆண்டும் பேரக்குழந்தையின் பிறந்த ஆண்டும் அடுத்தடுத்து நிற்கும். பக்கத்திலேயே பழைய கல்லறைத் தோட்டம். 1439 முதல் 1787 வரையிலான கற்கள் இங்கே உள்ளன. இடம் விரிக்க வழியில்லாமல் மண்ணைக் கொட்டிக் கொட்டி மேலே அடுக்கு அடுக்காகப் புதைத்தார்கள். அதனால்தான் 12,000 கற்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். தரை மேடுபள்ளம், அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இங்கே சீக்கிரம் மூடிவிடுவார்கள், ஆகவே 2 மணிக்குள் நுழைந்துவிடுங்கள்.

மாலை 4:45க்குப் பழைய நகரச் சதுக்கம். 1410இல் செய்த வானியல் கடிகாரம் நகர மன்றத்தின் சுவரில் இருக்கிறது. மணிக்கு மணி எலும்புக்கூடு மணியடிப்பதையும் அப்போஸ்தலர்கள் இரண்டு சன்னல்களில் தலைகாட்டுவதையும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று கூட்டம் கலைந்துபோகும். பார்க்க வேண்டியது அந்தப் பொம்மைகளுக்குக் கீழே உள்ள முகப்பை. மணி அடிப்பதற்குக் கால் மணி முன்பே வந்து அதைப் படியுங்கள்.

பொன் கை ஒன்று முகப்பைச் சுற்றுகிறது. அது ரோமன் எண்களில் காட்டுவது நம் வழக்கமான மணி. அதே கை வெளி வளையத்தில் பழைய செக் நேரத்தைக் காட்டும். அந்தக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போது முடிகிறது. பருவத்துக்கு ஏற்ப அந்த வளையமே முன்னும் பின்னும் நகர்ந்து கொடுக்கும். உள்ளே வளைவான பொன் கோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன. பகல் நீண்டால் அந்த மணியும் நீளும். பகற்பொழுதை எட்டாகப் பிரித்து இராகு காலம் குறிக்கிறோமே, அதே கணக்கு முறைதான். சூரிய உருவம் நீல நிறத்தில் நின்றால் பகல், கரிய வட்டத்துக்குள் போனால் இரவு. பாதி கறுப்பு பாதி வெள்ளியான உருண்டை நிலா, தானே சுழன்று பிறையையும் காட்டும். மையம் தள்ளிச் சுழலும் சிறு வளையம் ராசி மண்டலம். இதில் சூரியன் மேஷத்தில் நுழைவது மார்ச் 20ஐ ஒட்டி. நம் பஞ்சாங்கத்தில் சித்திரை முதல் நாள். அது பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து எண்ணும் சாயனக் கணக்கு, நம்முடையது விண்மீன்களை வைத்து எண்ணும் நிரயணம், இடைவெளி சுமார் 24 நாள். பஞ்சாங்கம் பார்க்கும் அப்பாவுக்கு இந்த முகப்பு உங்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடம் பிக்பாக்கெட்காரருக்கும் நல்ல நேரம். பையில் ஒரு கை இருக்கட்டும். கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. மாலை வெயிலில் சிவப்பு ஓட்டுக் கூரைகளை அப்பாவும் பார்க்க முடிகிற உயரம் இதுதான், தவறவிடாதீர்கள். கீழே தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகள், 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட கிளர்ச்சித் தலைவர்களுக்கானவை. சன்னலில் தள்ளிய கதையின் முடிவு அது. எதிரே தெரியும் இரட்டைக் கோபுர தீன் ஆலயத்துக்குள் வானியலாளர் டைக்கோ பிராகேயின் கல்லறை இருக்கிறது.

தெம்பு மிச்சமிருந்தால் மூன்று நிமிட நடையில் கரோலினம், 1348இல் நிறுவிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். பிராகில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்ததும் தமிழ் கற்பித்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனார். ஒட்டியே இருக்கும் எஸ்டேட்ஸ் அரங்கில் 1787இல் மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' இசைநாடகம் முதன்முதலாக அரங்கேறியது. பெட்ரீன் கோபுரம், நடனமாடும் கட்டடம், விஷெஹ்ராட் எல்லாவற்றையும் இந்த ஒரு நாளில் விட்டுவிடுங்கள். நடக்கவே முடியவில்லை என்றால் கரோலினத்தையும் விட்டு, ஒரு மணி நேரப் படகில் அப்பாவை உட்காரவைத்து ஊரை ஆற்றிலிருந்து காட்டலாம்.

அந்த 24 மணி நேரச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காலை 8 மணிக்கு முத்திரை குத்தியிருந்தால் மறுநாள் 8 மணி வரை செல்லும். காலை ரயில் என்றால், பெட்டிகளோடு மெட்ரோவில் ஹ்லாவ்னி நாட்ராஷி என்ற முதன்மை ரயில் நிலையத்துக்குப் போக அதுவே போதும்.